பாமினியில் கடல் குடலாகும்: கணினியின் இயல்பு எழுத்துரு பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு விளக்கம்

தவணைப் பரீட்சை நெருங்கும் காலத்தில் ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுக்களில் தவறாமல் வரும் கேள்விகள் சில இருக்கின்றன. "வேர்டில் லதா எழுத்துருவைப் போட்டு வைத்தேன், மறுநாள் திறந்தால் வேறு எழுத்து வருகிறது." "வீட்டில் சரியாக இருந்த வினாத்தாள், பாடசாலைக் கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகிறது." "தமிழ் ஒழுங்காக வருகிறது, அரபு மட்டும் உருமாறிவிட்டது." யாராவது ஒருவர் உடனே "விண்டோஸைத் திரும்பப் போடுங்க சேர்" என்று பதில் போடுவார். பெரும்பாலும் அது தேவைப்படாது. விண்டோஸைத் திரும்பப் போட்ட பிறகு பிரச்சினை கூடுவதும் உண்டு, அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

எழுத்துரு என்பது எழுத்தின் உருவம் மட்டும்தான். கணினி தன் நினைவில் வைத்திருப்பது உருவத்தை அல்ல, ஓர் இலக்கத்தை. யுனிகோட் முறையில் 'த' என்ற எழுத்துக்கு ஓர் இலக்கம், 'ம' என்ற எழுத்துக்கு வேறோர் இலக்கம். 1991இல் வெளியான யுனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுவிட்டன. நமது நாட்டிலும் தமிழுக்கான குறிமுறை எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலக்கத்தில் 2008இல் தரமாக்கப்பட்டது. அந்த முறையில் எழுதிய தமிழை லதாவில் பார்த்தாலும், நிர்மலாவில் பார்த்தாலும், கைத்தொலைபேசியில் பார்த்தாலும் அது தமிழாகவே இருக்கும். அழகு மாறலாம், எழுத்து மாறாது.

பாமினி அப்படியானதல்ல. நம்மில் பலர் தட்டச்சுப் பழகியது பாமினியில்தான் என்பதால் இதைச் சொல்வது சிலருக்குக் கசக்கும். கணினியின் கண்ணில் பாமினி ஒரு தமிழ் எழுத்துருவே அல்ல, ஆங்கில எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் படங்களை எடுத்துவிட்டு அந்த இடங்களில் தமிழ் எழுத்துகளின் படங்களை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 'தமிழ்' என்று பாமினியில் அடிக்கும்போது கணினிக்குப் போவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். பாமினி இல்லாத கணினியிலோ மாணவனின் தொலைபேசியிலோ அதைத் திறந்தால் அந்த ஐந்தும் அப்படியே தெரியும். கோப்பு பழுதாகவில்லை. உள்ளே உண்மையில் இருப்பதுதான் அங்கே தெரிகிறது.

இதனால் வரும் சேதம் வினாத்தாளில்தான் அதிகம். வேர்டில் வசனத்தின் முதல் ஆங்கில எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் வசதி ஒன்று உண்டு. பாமினியில் 'க' என்பது சிறிய எப், 'கு' என்பது பெரிய எப். 'கடல்' என்று வசனத்தைத் தொடங்கினால் கணினிக்குப் போவது எப், எல், வை, அரைப்புள்ளி. வேர்ட் அதை ஈயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக எடுத்துக்கொண்டு, முதலெழுத்தைப் பெரிதாக்கி 'குடல்' ஆக்கிவிடும். அதே கணக்கில் மடி முடியாகும், கடி குடியாகும், படை புடையாகும். கடல் வளம் பற்றிக் கேட்ட புவியியல் வினாவில் குடல் வளம் வந்தால் பிள்ளைகள் சிரித்துவிட்டு எழுதுவார்கள். பரவாயில்லை. தரம் 6 பிள்ளைக்கு 'கடி', 'குடி' என்பதில் எது சரியென்று ஊகிக்க முடியாத இடத்தில் மதிப்பெண்தான் போகிறது. ஒப்புநோக்கிய ஆசிரியரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவர் அடிக்கும்போது சரியாகத்தான் அடித்தார். பாமினியைக் கைவிடும்வரை, வேர்டின் ஒப்ஷன்ஸில் புரூபிங் பகுதிக்குப் போய், ஒட்டோகரெக்ட் பட்டியலில் முதலெழுத்தைப் பெரிதாக்கும் வரிக்கு முன்னுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

புள்ளிப் பட்டியலிலும் இதே கதை. எக்செலில் பாமினியில் பெயர்களை அடித்து அகர வரிசைப்படுத்திப் பாருங்கள். கதீஜா முதலில் வருவாள், அடுத்து பாத்திமா, பிறகு மர்யம், அதற்கும் கீழே அஸ்மா. கணினி ஒழுங்காகத்தான் அடுக்கியிருக்கிறது, ஆனால் எப், ஜீ, கே, எம் என்ற ஆங்கில வரிசையில். தேடலும் அப்படியே. பென் டிரைவில் இருபது வருட வினாத்தாள்களை வைத்துக்கொண்டு 'ஸகாத்' பற்றிய வினாக்களை மட்டும் தேடி எடுக்க முடியாது. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருள்கள் யுனிகோட் தமிழை வாசித்துக் காட்டும். பாமினிக் கோப்பைக் கொடுத்தால் அவை ஆங்கிலக் கிறுக்கலை உச்சரிக்கும். அந்தப் பிள்ளைக்கு நாம் கொடுத்தது வெற்றுத்தாள்.

ஆகவே எழுத்துருப் பிரச்சினை வந்தால் முதலில் செய்ய வேண்டிய சோதனை இது. வினாத்தாளின் ஒரு பந்தியைத் தெரிவு செய்து, எழுத்துருவை டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் அது யுனிகோட், ஆங்கிலக் கிறுக்கலானால் அது பாமினி வகை. உடனே கன்ட்ரோல் விசையுடன் இசட் அழுத்திப் பழைய நிலைக்குத் திரும்பலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் அமைப்புகளைத் தோண்டுவது, நோயைக் கேட்காமல் மருந்து கொடுப்பது மாதிரி. இரண்டுக்கும் மருந்து வேறு.

யுனிகோட்தான், ஆனாலும் எழுத்துரு தன்பாட்டில் மாறுகிறது என்றால் காரணம் வேறு. டைம்ஸ் நியூ ரோமனில் தமிழ் எழுத்துகளே இல்லை. கலிப்ரியிலும் இல்லை. அந்த எழுத்துருவைத் தெரிவு செய்துவிட்டுத் தமிழில் அடித்தால், கணினி தமிழ் உள்ள இன்னோர் எழுத்துருவிலிருந்து எழுத்தைக் கடன் வாங்கிக் காட்டும். விண்டோஸ் 8இலிருந்து அந்தக் கடன் பெரும்பாலும் நிர்மலா யூஐ என்ற எழுத்துருவிலிருந்து வருகிறது. சில நேரம் வேர்ட் மேலே பெட்டியில் இருக்கும் பெயரையும் சேர்த்தே மாற்றிவிடும். "நான் போடாத நிர்மலா எங்கிருந்து வந்தது" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். வேர்டில் எழுத்துருவுக்கு ஓர் இடம் அல்ல, வேறு வேறு இடங்கள் உள்ளன. கன்ட்ரோல் விசையுடன் டி அழுத்துங்கள். எழுத்துருப் பெட்டி திறக்கும். அதில் 'லட்டின் டெக்ஸ்ட்' என்று ஒன்றும் 'கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று இன்னொன்றும் இருக்கும். ஆங்கிலத்துக்கு மேலேயுள்ளது. தமிழுக்கும் அரபுக்கும் சிங்களத்துக்கும் கீழேயுள்ளது. அளவும் தடிப்பும்கூட இரண்டுக்கும் தனித்தனி. மேலேயுள்ள பெட்டியில் லதாவைப் போட்டுவிட்டு, கீழேயுள்ளதைத் தொடாமல் விட்டால் தமிழுக்கு எதுவும் நடக்காது. ஆங்கிலம் மட்டும் லதாவின் ஆங்கில எழுத்தில் வரும். உங்கள் கணினியில் இந்த இரண்டாவது பெட்டியே தெரியவில்லையா? வேர்டின் ஒப்ஷன்ஸில் லேங்குவேஜ் பகுதிக்குப் போய் எழுதும் மொழிகளில் தமிழையும் அரபையும் சேர்த்துவிட்டு, வேர்டை மூடித் திறங்கள்.

இஸ்லாம் பாட ஆசிரியர்களும் மௌலவிமாரும் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். தமிழுக்கும் அரபுக்கும் இருப்பது அந்த ஒரே இரண்டாம் பெட்டி. அதில் லதாவைப் போட்டால் லதாவில் அரபு இல்லை, ஆகவே ஆயத்துகள் எங்கோ கடன் வாங்கிய உருவில் வரும். டிரடிஷனல் அரபிக்கைப் போட்டால் அரபு அழகாக வரும், தமிழ் கடனுக்குப் போய்விடும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் களைத்தவர்கள் அதிகம். வழி என்னவென்றால், இயல்பு எழுத்துருவைத் தமிழுக்கு விட்டுவிட்டு, அரபுக்கெனத் தனியாக ஒரு 'ஸ்டைல்' உருவாக்குவது. ஹோம் பட்டையிலுள்ள ஸ்டைல்ஸ் பகுதியில் புதிதாக ஒன்றைத் தொடங்கி, 'அரபு' என்று பெயரிட்டு, அதன் இரண்டாம் பெட்டியில் அரபு எழுத்துருவையும் பெரிய அளவையும் வலமிருந்து இடம் செல்லும் திசையையும் கொடுத்துச் சேமியுங்கள். பிறகு ஆயத்தையோ ஹதீஸையோ தெரிவு செய்து அந்தப் பெயரை ஒரு தடவை அழுத்தினால் போதும்.

ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் என்பதை ஒரே குறியாகத் தரும் எழுத்தும் இந்த வகையில்தான் சேரும். அது யுனிகோடில் தனியொரு எழுத்து. அந்த எழுத்து இல்லாத எழுத்துருவுக்கு மாற்றினால் சில மென்பொருள்களில் வெறும் சதுரக் கட்டம் தெரியும். நபியவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சதுரக் கட்டம் அச்சாகி வந்த துண்டுப்பிரசுரங்களை எல்லோரும் பார்த்திருப்போம்.

இனி, விண்டோஸை மாற்றியதும் பிரச்சினை ஏன் கூடுகிறது என்பதற்கு வருகிறேன். விண்டோஸ் 7இல் லதாவும் விஜயாவும் டிரடிஷனல் அரபிக்கும் கூடவே வந்தன. விண்டோஸ் 10இலிருந்து இவை கணினியுடன் தானாக வருவதில்லை. மேலதிக எழுத்துருக்கள் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், வேண்டுமானால் நாம்தான் சேர்க்க வேண்டும். பழைய வினாத்தாளில் லதா என்ற பெயர் எழுதப்பட்டிருக்கும், கணினியில் லதா இருக்காது. எழுத்து மாறும், வரி நீளும், இரண்டு பக்க வினாத்தாள் மூன்றாம் பக்கத்துக்குப் போகும், படங்கள் இடம் மாறும். இணைய இணைப்புடன் செட்டிங்ஸைத் திறந்து, தேடும் பெட்டியில் 'ஒப்ஷனல் பீச்சர்ஸ்' என்று தேடி, 'தமிழ் சப்ளிமென்டல் பொன்ட்ஸ்', 'அரபிக் ஸ்கிரிப்ட் சப்ளிமென்டல் பொன்ட்ஸ்' என்ற இரண்டையும் சேர்த்துவிட்டால் அவை திரும்பி வந்துவிடும். சட்டரீதியானது, செலவில்லாதது. எங்கோ ஓர் இணையத்தளத்திலிருந்து லதாவைத் தரவிறக்கி, அதனுடன் வைரஸையும் வீட்டுக்கு அழைக்க வேண்டியதில்லை.

எழுத்துரு கணினியில் இருந்தும் மறுநாள் மறந்துபோகிறது என்பவர்கள் பெரும்பாலும் பெட்டியில் ஓகேயை அழுத்தியிருப்பார்கள். ஓகே அந்த இடத்துக்கு மட்டும். கீழே இடது பக்கமுள்ள 'செட் எஸ் டிபோல்ட்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அப்போது இந்த ஆவணத்துக்கு மட்டுமா, நோர்மல் வார்ப்புருவை அடிப்படையாகக் கொண்ட எல்லா ஆவணங்களுக்குமா என்று வேர்ட் கேட்கும். இரண்டாவதைத் தெரிவு செய்யுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: இது இனிப் புதிதாகத் திறக்கும் ஆவணங்களுக்குத்தான். ஏற்கனவே உள்ள கோப்பும், வேறொருவர் அனுப்பிய கோப்பும் தங்கள் அமைப்பைத் தாங்களே சுமந்து வரும். அவை மாறவில்லை என்று நமது அமைப்பைக் குறை சொல்லக் கூடாது.

எல்லாம் சரியாகச் செய்தும் நிற்கவில்லையென்றால் அந்த நோர்மல் வார்ப்புருக் கோப்பில் பழுது இருக்கலாம். மின்சாரம் திடீரென்று போய்க் கணினி அணைந்த வீடுகளில் இது நடக்கக்கூடியதே. வேர்டை மூடிவிட்டு, பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் மைக்ரோசொப்ட், அதற்குள் டெம்ப்ளேட்ஸ் என்ற கோப்புறைக்குப் போய் நோர்மல் என்ற கோப்பின் பெயரை மாற்றிவிடுங்கள். அழிக்க வேண்டாம். அடுத்த தடவை வேர்ட் தானே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், பிறகு மீண்டும் இயல்பு எழுத்துருவை அமைக்கலாம். பாடசாலைக் கணினிக் கூடங்களில் ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் மென்பொருள் போடப்பட்டிருந்தால் நீங்கள் என்ன செய்தாலும் நிற்காது. தகவல் தொழில்நுட்ப ஆசிரியரிடம் சொல்லி அதை நிறுத்திவிட்டுத்தான் அமைக்க வேண்டும்.

எக்செலில் ஒப்ஷன்ஸின் ஜெனரல் பகுதியில் புதிய புத்தகங்களுக்கான எழுத்துருவை அமைக்கலாம். இலவச லிப்ரே ஒபிஸில் இந்த விஷயம் வேர்டைவிடத் தெளிவு: ரைட்டர் அமைப்புகளில் மேற்கத்திய எழுத்துக்கு ஒரு பக்கம், தமிழ், அரபு வகைக்கு இன்னொரு பக்கம் என்று வெளிப்படையாகவே பிரித்திருக்கிறார்கள். பயர்பொக்ஸ் உலாவி ஒவ்வொரு மொழிக்கும் தனி எழுத்துரு கொடுக்க விடும். குரோமில் யாரோ ஒருவர் இயல்பு எழுத்துருவாகப் பாமினியைப் போட்டுவிட்டால் ஆங்கில இணையத்தளங்கள் பல புரியாத தமிழாகத் தெரியும், ஆங்கிலக் காற்புள்ளி இருந்த இடமெல்லாம் 'இ' வந்து நிற்கும். விண்டோஸின் சொந்த மெனு எழுத்துருவை மாற்ற ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கச் சொல்லும் யூடியூப் காணொளிகளும் உள்ளன. தயவுசெய்து வேண்டாம். ஏதாவது குழம்பியிருந்தால் கன்ட்ரோல் பெனலில் பொன்ட்ஸ் பகுதியின் அமைப்புகளில் பழைய நிலைக்குத் திருப்பும் பொத்தான் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் "எங்கள் விரலுக்குப் பாமினிதான் வரும்" என்று ஒரு பதில் வரும். அது நியாயமான பதில். தட்டச்சு இயந்திரத்தில் பழகிய கை ஐம்பது வயதில் புது விசைப்பலகை பழகாது. ஆனால் விசைப்பலகை வேறு, எழுத்துரு வேறு. பாமினியின் விசைகளிலேயே அடித்து யுனிகோட் தமிழைப் பெறலாம். என்எச்எம் ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பாமினி என்றே ஒரு தெரிவு உண்டு. அதே விரல், அதே வேகம், உள்ளே போவது மட்டும் உண்மையான தமிழ். புதிதாகப் பழகுபவர்களுக்கு விண்டோஸிலேயே தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் கிடைக்கின்றன. ஆகவே இன்றும் "பாமினியில் மட்டும் அனுப்பவும்" என்று வினாத்தாள் கேட்டு வரும் அறிவித்தல்களுக்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அச்சிடும் இடத்திலுள்ள ஒருவரின் பழக்கம் என்பதைத் தவிர.

பழைய பாமினிக் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. முழு வினாத்தாளையும் ஒன்றாகப் போட வேண்டாம். இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களையும் அது தமிழென்று நினைத்து மாற்றிவிடும். தமிழ்ப் பந்திகளை மட்டும் போட்டு எடுங்கள், எடுத்ததை ஒரு தடவை வாசியுங்கள். ஏற்கனவே குடலாகிப் போன கடல், யுனிகோடிலும் குடலாகவே வரும்.

அல்குர்ஆன் வசனங்கள் விஷயத்தில் மட்டும் இந்தச் சாதாரணக் கவனம் போதாது. மதீனாவிலுள்ள மன்னர் பஹ்த் குர்ஆன் அச்சக வளாகம் உருவாக்கிய எழுத்துருக்களில் ஒரு வகை, முஸ்ஹபின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தனி எழுத்துரு என்ற கணக்கில் 604 எழுத்துருக்களைக் கொண்டது. அதில் ஒரு குறி ஓர் எழுத்தல்ல, பெரும்பாலும் ஒரு முழுச் சொல். அச்சுக்கு அது மிக அழகு, கையெழுத்து முஸ்ஹப் அப்படியே வரும். ஆனால் உள்ளே இருக்கும் தத்துவம் பாமினியுடையதே. அந்த வகையில் எழுதப்பட்ட ஆயத்தைப் பிரதி செய்து சாதாரண அரபு எழுத்துருவுக்கு மாற்றினால் வருவது ஆங்கிலக் கிறுக்கல் அல்ல, தொடர்பில்லாத அரபு எழுத்துகள். பாமினி பழுதானால் யாருக்கும் உடனே தெரியும். இது பழுதானால் அரபு வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு ஆயத்து மாதிரியே தெரியும். தட்டச்சாளரிடம் கொடுத்த பயான் குறிப்பு, ரமழான் நாட்காட்டி, மத்ரஸா அழைப்பிதழ் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு. தன்ஸீல் போன்று சரிபார்க்கப்பட்ட யுனிகோட் குர்ஆன் பிரதியிலிருந்து ஆயத்தை எடுப்பது பாதுகாப்பானது. எடுத்த பிறகும், அச்சுக்குப் போகும் இறுதித் தாளை ஒரு ஹாபிழிடம் காட்டி முஸ்ஹபுடன் ஒப்பிடுங்கள். கோப்பைக் காட்டுவது போதாது, தாளைக் காட்ட வேண்டும்.

ஏனென்றால் கடைசிக் கட்டத்திலும் எழுத்துரு மாறலாம். கொமினிகேஷன் கடைக்கு வேர்ட் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோனால், அந்தக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்குமென்று சொல்ல முடியாது. கடைப் பையன் அவசரத்தில் அச்சிட்டு 200 பிரதி எடுத்துவிட்டால் காசும் போச்சு, தாளும் போச்சு. வீட்டிலிருந்தே பிடிஎப் ஆகச் சேமித்துக் கொண்டுபோங்கள், சாதாரணமாக எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துவிடும். வேர்ட் கோப்பையே கொடுக்க வேண்டியிருந்தால், ஒப்ஷன்ஸின் சேவ் பகுதியில் எழுத்துருக்களைக் கோப்புக்குள் பதிக்கும் வரிக்குச் சரி அடையாளம் போட்டுச் சேமியுங்கள். 200 பிரதிக்குச் சொல்லுமுன் ஒரே ஒரு பிரதி எடுத்து, கடையில் நின்றபடியே முதல் வினாவிலிருந்து கடைசி வினா வரை வாசித்துவிடுங்கள்.